கோழி பார்க்க வந்தவர்

மண்ணரை, திருப்பூர்.
6.7.2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் ஜெபக்குமார். ஆறு வருடத்துக்கு முன் உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் மூத்த மகள் பூங்குழலியைக் கட்டிக்கொண்டவன். பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாமல் இன்னும் பத்து வரி படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உதவி கேட்டோ சமாதானம் பேசவோ இதை எழுதவில்லை. கோழி விஷயமாக எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் காம்பவுண்டுக்கு ஒருவர் மொபெட்டில் கூடை கட்டிக்கொண்டு கோழி விற்க வந்தார். அத்தனையும் அசல் நாட்டுக்கோழி, அதில் ஒன்று கருங்கோழி என்றார். ஆறு வாங்கினேன். கோழியைக் குழம்பில் பார்த்ததற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தே பதினைந்து வருடம் போய்விட்டது.

பிறகு ஏன் வாங்கினேன் என்றால், பூங்குழலி மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. செக்கிங் வேலைக்கும் போவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதுவும் ஒரு வார்த்தை. அன்று கூடைக்குள் கோழி கத்திய சத்தம் கேட்டு வாசற்படிவரை வந்து நின்றாள். அதற்காகத்தான் வாங்கினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங்க, இந்தச் செவப்பு மூணும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்குது. நாட்டுக்கோழி இப்படி இருக்காதுங்க" என்றாள். பிறகு, "எங்கப்பாவா இருந்தா காலைப் பார்த்தே என்ன கோழின்னு சொல்லிப்போடுவாரு" என்றாள். இந்த மூன்று மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். தினமும் காலையில் எழுந்து, இது என்ன ஜாதிக் கோழியாக இருக்கும் என்று அவளே கேட்டுக்கொள்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சிவப்பு மூன்று. கறுப்பு ஒன்று. கழுத்து நீண்டு நிமிர்ந்து நிற்பது ஒன்று. கழுத்தில் இறகே இல்லாதது ஒன்று. அதற்கு ஏதாவது நோயோ என்று பயமாக இருக்கிறது. இவை என்ன இனம் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

உங்கள் போனில் எங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் கடிதம். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பதில் போட மனமிருந்தால் கவரின் பின்னால் எழுதியிருக்கும், நெருப்பெரிச்சலில் உள்ள என் கம்பெனி முகவரிக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
சா. ஜெபக்குமார்


பொங்கலூர்
19.7.2025

கடிதம் கிடைத்தது. வீட்டு முகவரிக்கு இனி எழுத வேண்டாம். மே/பா லிங்கசாமி தீவனக் கடை, பொங்கலூர் என்று போட்டால் என் கைக்கு வரும்.

நிறத்தை வைத்துக் கோழியைச் சொல்ல முடியாது. விற்கிறவன் நிறத்தைத்தான் காட்டுவான். கீழே உள்ளதைப் பார்த்து எழுதவும்.

சிவப்பு மூன்றுக்கும் மேல் மூக்கின் நுனி கூராக இருக்கிறதா, வெட்டிவிட்ட மாதிரி மொண்ணையாக இருக்கிறதா?

கறுப்பின் வாயைத் திறந்து நாக்கைப் பார்க்கவும். கொண்டை என்ன நிறம்?

நீளக் கழுத்துக்குக் கொண்டை ரம்பம் மாதிரி நிற்கிறதா, புளியங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடக்கிறதா? கால் எத்தனை தடிமன்?

கோழியை அந்தியில், அடைந்த பிறகு பிடிக்கவும். பகலில் துரத்தினால் முட்டை நிற்கும். கூண்டுக்குள் பனியன் வேஸ்ட் போடுவார்கள் உங்கள் பக்கம். போடக்கூடாது. நூலை விழுங்கினால் இரைப்பையில் சுற்றிக்கொள்ளும். வைக்கோல் அல்லது மரத்தூள்.

க. கன்னையன்


மண்ணரை
27.7.2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

பதில் போட்டதற்கு நன்றி. கம்பெனி வாட்ச்மேன் கவரை நீட்டியபோது நான் நம்பவில்லை.

நீங்கள் சொன்னபடி பார்த்தோம். பார்த்தோம் என்று எழுதினாலும் பிடித்தது பூங்குழலிதான். நான் கையை நீட்டினால் பறந்துவிடுகின்றன. அவள் அருகில் போய்க் குனிந்து, இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்துத் தூக்கினாள். அந்தக் கோழி அவள் கையில் சத்தமே போடவில்லை.

சிவப்பு மூன்றுக்கும் மூக்கு மொண்ணை. நகவெட்டியால் வெட்டியது போல இருக்கிறது. நெல்லைப் போட்டால் பொறுக்கத் தெரியவில்லை, தட்டித் தட்டி விடுகின்றன. கழுத்தடியில் இறகு தேய்ந்திருக்கிறது. மற்றவை சுவர்மேல் ஏறி அடைகின்றன, இவை தரையிலேயே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. கறுப்புக்கு நாக்கு இளஞ்சிவப்பு, கொண்டையும் சிவப்பு. நீளக் கழுத்துக்குக் கொண்டை ஒட்டிக் கிடக்கிறது. கால் மஞ்சள், என் கட்டைவிரல் தடிமன் இருக்கும்.

பனியன் வேஸ்ட்தான் போட்டிருந்தேன். அன்றே எடுத்துவிட்டேன்.

அவளுக்கு என்ன உடம்புக்கு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏப்ரலில் எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. இதற்கு முன்பு ஒன்று மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. அதைத் தாங்கிக்கொண்டாள். இதை முடியவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரையால் தூங்குகிறாள், அவ்வளவுதான். கோழி வந்த பிறகுதான் காலையில் எழுகிறாள்.

நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சா. ஜெபக்குமார்


பொங்கலூர்
10.8.2025

கடிதம் கிடைத்தது.

சிவப்பு மூன்றும் நாட்டுக்கோழி அல்ல. முட்டைப் பண்ணைக் கோழி. கூண்டில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்கக் குஞ்சிலேயே மூக்கை வெட்டிவிடுவார்கள். ஒன்றரை வருடம் தினம் ஒரு முட்டை வாங்கிக்கொண்டு, முட்டை குறைந்ததும் லாரியில் ஏற்றிக் கழித்துவிடுவார்கள். அதைத்தான் கூடைக்காரன் நாட்டுக்கோழி என்று விற்கிறான். மண்ணில் கால் வைத்தே பழகாதவை. பொறுக்கவும் தெரியாது, ஏறி அடையவும் தெரியாது. கம்பு, மக்காச்சோளக் குருணையை நனைத்து அகலமான தட்டில் வைக்கவும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டை கட்டி, அந்தியில் கையால் தூக்கி அதில் உட்கார வைக்கவும். பத்து நாளில் பழகினால் பழகும். ஆனால் அதிக நாள் இருக்காது. உடம்பில் சத்து எல்லாம் முட்டையாகப் போய்விட்டது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கறுப்பு கருங்கோழி அல்ல. கருங்கோழிக்கு நாக்கும் கொண்டையும்கூடக் கறுத்திருக்கும். இது சிறுவிடை, சின்ன உடம்பு நாட்டுக்கோழி. சாதாரணக் கோழிதான், ஆனால் நல்ல தாய். முட்டைமேல் அவயத்துக்கு, அதாவது அடைகாக்க, உட்கார்ந்தால் எழுப்ப வேண்டாம்.

மற்ற இரண்டையும் கடிதத்தில் சொல்ல முடியாது. நடையைப் பார்க்க வேண்டும். கோழிக்கு முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது.

காலையில் ஒரு முட்டை, மஞ்சள் கரு கெட்டியாகும்வரை அவித்து, மிளகு போட்டுச் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது. இது கோழிக்கு அல்ல.

க. கன்னையன்


மண்ணரை
24.8.2025

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

இப்படி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள், அடுத்த கடிதத்தில் மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஒரு கால்நடை டாக்டர் எழுதியது என்று சொல்லி அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிவப்புக் கோழிகளைப் பற்றிப் படித்தபோது பேசாமல் கேட்டாள். "கோழிக்கு முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது" என்ற இடம் வந்ததும் கையை நீட்டினாள்.

"அதைக் குடுங்க."

"டாக்டர் கையெழுத்து உனக்குப் புரியாது" என்றேன்.

"எந்த டாக்டருங்க இப்படிச் சொல்றாரு? இது எங்கப்பா சொல்றது."

கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள். முட்டை அவிக்கச் சொன்ன வரியை இரண்டு முறை படித்திருப்பாள். அழவில்லை. "கை நடுங்குது போல, 'கு' எல்லாம் கோணலா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். பிறகு விளக்குமாற்றை எடுத்து, பக்கத்து வீட்டு ராமுத்தாய் அக்கா வாசல்வரைக்கும் சேர்த்துப் பெருக்கினாள். ராமுத்தாய் அக்கா என்னைப் போலத் தென்மாவட்டத்துக்காரர். அவர் என்னைப் பார்த்து, என்னவென்று கண்ணால் கேட்டார். 

ஒரு சிவப்புக் கோழி செவ்வாய்க்கிழமை செத்துவிட்டது. நீங்கள் முன்கூட்டியே எழுதியிருந்ததால் அவள் அதைத் தாங்கிக்கொண்டாள். மற்ற இரண்டும் இப்போது கட்டையில் ஏறி உட்காருகின்றன. அந்தியில் அவள்தான் தூக்கி வைக்கிறாள்.

முட்டை சாப்பிடுகிறாள். மிளகு போட்டுத்தான்.

அம்மா போன பிறகு உங்கள் இரண்டு பெண்களுக்கும் நீங்களே தலை பின்னிவிட்டதையும், ஜடையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு முடி தப்பி நிற்கும் என்பதையும் நேற்றுச் சொன்னாள். ஆறு வருடத்தில் உங்களைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

அந்த இரண்டு கோழிகளையும் நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? நான் வீட்டில் இருக்க வேண்டாம் என்றால் கோயில் ஆராதனைக்குப் போய்விட்டுத் தாமதமாக வருகிறேன். கோழியை மட்டும் பார்த்துவிட்டுப் போனாலும் சரி.

அன்புடன்,
ஜெபக்குமார்


பொங்கலூர்
7.9.2025

21ஆம் தேதி ஞாயிறு காலை வருகிறேன். பதினொரு மணிக்குள்.

கோழிகளைக் கட்டி வைக்க வேண்டாம். மேய விடவும். சாப்பாடு எதுவும் செய்ய வேண்டாம்.

நீங்கள் வெளியே போக வேண்டியதில்லை.

கன்னையன்


மண்ணரை
23.9.2025

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. அப்படி இருந்தால் ஒரு வரி போட்டால் போதும்.

சாப்பாடு வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அவள் கேட்கவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்து, கொள்ளு அரைத்து, பச்சைப்பயறு கடைந்து, "அப்பாவுக்குக் கறி வேண்டாம், கோழி பார்க்க வந்த இடத்துல கோழி திங்க மாட்டாரு" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். மாமா, நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. நீலச் சேலை கட்டிக்கொண்டு பத்து மணிக்கு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். கோழிகளை மேய விட்டிருந்தோம்.

பதினொன்றுக்கு, "பல்லடம் பஸ் லேட்டா இருக்கும்" என்றாள். பன்னிரண்டுக்கு, "உழவர் சந்தையில யாராவது புடிச்சு நிறுத்தியிருப்பாங்க" என்றாள். ஒரு மணி ஆயிற்று. நான் சாப்பிடக் கூப்பிட்டேன். "நீங்க சாப்புடுங்க" என்றாள். வெயில் படியை விட்டு இறங்கி எதிர்ச் சுவருக்குப் போகும்வரை அங்கேயே இருந்தாள். பிறகு எழுந்து, பயற்றை ராமுத்தாய் அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

குறையாகச் சொல்லவில்லை. வர முடியாமல் போயிருக்கும். வேறு தேதி எழுதுங்கள். நான் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்து, நீங்கள் வந்த பிறகு சொல்கிறேன்.

இங்கே அமெரிக்க ஆர்டர் நின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அதனால் எந்த நாள் வந்தாலும் நான் இருப்பேன்.

அன்புடன்,
ஜெபக்குமார்


பொங்கலூர்
5.10.2025

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் வந்தேன். பத்தரைக்கே வந்துவிட்டேன். உங்கள் காம்பவுண்டுக்கு எதிரே அயர்ன் கடையை ஒட்டி டீக்கடை இருக்கிறது. அதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கேட்ட விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளக் கழுத்துக்காரி பெருவிடை, பெரிய உடம்பு நாட்டு இனம். முழுப் பெருவிடை அல்ல, பாதிதான். காலை நேராக ஊன்றி வைக்கிறாள், ஆனால் வால் தாழவில்லை. வளர்ப்புக்கு நல்லது, நோய் தாங்கும். கழுத்தில் இறகில்லாததற்கு நோய் இல்லை. அந்த இனமே அப்படி. மொட்டைக் கழுத்து என்போம். வெயிலைத் தாங்கும். கறுப்பு அடிக்கடி குப்பைத் தொட்டிக்கு அடியில் போய் வந்தது. அங்கே முட்டை வைக்கிறது, தேடிப் பார்க்கவும்.

அவளையும் பார்த்தேன். பஸ் ஹாரன் கேட்ட ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்பினாள். ஒருமுறை டீக்கடைப் பக்கம் பார்த்தாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மூன்று டீ குடித்தேன். ஒன்றே முக்காலுக்கு எழுந்து போய்விட்டேன். ரோடு இருபதடி கூட இருக்காது.

காரணத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் மறுபடி தேதி கேட்பீர்கள். சின்னவள் தமிழ்மதிக்குக் கோபி பக்கம் இடம் அமைந்திருக்கிறது. தையில் கல்யாணம். பேச்சு வந்தபோது, மூத்த பெண் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தரகர், "அது காய்ச்சல்ல போயிருச்சுங்க" என்றார். ஊர்க்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது இது. கோழிதானே என்று பதில் எழுதினேன். வருகிறேன் என்று எழுதியபோது வந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

ரோட்டைத் தாண்டினால் சின்னவள் வாழ்க்கை போகும். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. மூத்தவளும்தான் என்ன தப்புச் செய்தாள்?

இனி எழுத வேண்டாம். லிங்கசாமி, யார் கடிதம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டாம்.

கன்னையன்


மண்ணரை
14.10.2025

ஐயா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இதுதான் கடைசி.

நான் படித்துக் காட்டவில்லை. சட்டைப் பையில் வைத்திருந்தேன். துவைக்க எடுத்தபோது அவளே பார்த்துவிட்டாள்.

"தமிழுக்குக் கல்யாணமா" என்று முதலில் சந்தோஷப்பட்டாள்.  மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "எந்த மாசம் செத்தேனாமா? அதை எழுதலியே" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை ஐயா. தேதி தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் அவள் கோழிக்கூண்டைத் திறக்கவில்லை. நான் வேலைக்குப் போகும்முன் திறந்துவிட்டேன். மாலையில் வந்து நானே அடைத்தேன். சிவப்பு இரண்டையும் கட்டையில் தூக்கி வைக்க ஆள் இல்லை, பழையபடி தரையில் கிடக்கின்றன. முட்டை அவித்து வைத்தால் அப்படியே இருக்கிறது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். "எங்கப்பா எதிர்லயே உட்கார்ந்திருந்தாரு, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று நேற்று ஒருமுறை சொன்னாள்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எழுதியவன் நான். கோழிக்கு என்ன பெயராக இருந்தால் என்ன என்று அன்றைக்கே விட்டிருக்கலாம். கொஞ்சம் எழுந்து நின்றவளை நானே மறுபடி தள்ளிவிட்டேன்.

கம்பெனியில் எங்கள் லைனை மூடிவிட்டார்கள். இந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறோம். அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. அவளை இந்த வாசலில் வைத்திருக்க முடியாது. எதிரே அந்த பெஞ்சு இருக்கிறது.

தமிழ்மதி நன்றாக இருக்கட்டும். உங்கள் கடிதங்களை எரித்துவிட்டேன், யார் கையிலும் கிடைக்காது.

ஜெபக்குமார்


மண்ணரை
8.3.2026

மாப்பிள்ளை ஜெபக்குமார் அவர்களுக்கு,

இதை ராமுத்தாய் அம்மாள் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பேப்பரும் பேனாவும் அவர்கள் கொடுத்தது.

தமிழ்மதி கல்யாணம் தையில் நல்லபடியாக முடிந்தது. ஒன்றரை மாதம் பொறுத்தேன். அவள் அங்கே ஊன்றிக்கொண்டாள் என்று தெரிந்ததும், போன வாரம் கோபிக்குப் போய்ச் சம்பந்தியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர், "பொய் சொன்னதுதான் தப்புங்க. புள்ள உசுரோட இருக்கறதுக்கு நாங்க எதுக்குங்க வருத்தப்படப்போறோம்" என்றார். இவ்வளவுதானா என்று எனக்குத் திகைப்பாகிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

இன்று காலை இங்கே வந்தேன். கதவில் வேறு பூட்டு இருந்தது. உள்ளே வடக்கத்திப் பையன்கள் குடியிருக்கிறார்கள். ராமுத்தாய் அம்மாள் வெளியே வந்து, "யாரைத் தேடுதீக?" என்றார்கள். கோழி பார்க்க வந்தேன் என்று வாயில் வந்துவிட்டது. அவர்கள் என் கையைப் பிடித்து, நீங்கள் விட்டுப்போன கோழிகளை அடைத்திருக்கும் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். கறுப்பும் பெருவிடையும் மட்டும் இருக்கின்றன. மற்றவை தங்கவில்லை.

அதன் பிறகுதான், நான் பூங்குழலியின் அப்பா என்று சொன்னேன். அவர்கள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் குடித்து முடித்த பிறகு, "போகயில அவ நடந்து ஏறல. ரெண்டு பேரு தாங்கித்தான் ஆட்டோல வச்சோம்" என்றார்கள்.  அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

நீங்கள் இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போன எண்ணுக்குப் போட்டோம். உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. நான் தடுத்து வைத்திருந்த எண்ணை விடுவித்துப் போட்டேன். அதிலும் அதுவேதான். நெருப்பெரிச்சலில் உங்கள் கம்பெனி கேட்டில் விசாரித்தேன். வாட்ச்மேன் புதியவர்.

உங்கள் ஊர் எது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கோழிக்கு நாக்கு என்ன நிறம் என்று கேட்டேன். நீங்கள் எந்த ஊர், தாய் தகப்பன் இருக்கிறார்களா, எதையும் கேட்கவில்லை. தெற்கு என்பது மட்டும் தெரியும். ராமுத்தாய் அம்மாள், நாசரேத்தோ சாத்தான்குளமோ, சரியாக நினைவில்லை என்கிறார்கள். அந்தப் பக்கம் எத்தனை ஊர், எத்தனை ஜெபக்குமார்.

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியாததால் இவர்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன். என்றைக்காவது நீங்கள் பேசினால் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை வந்து கேட்டுக்கொள்கிறேன்.

பூங்குழலி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டு முகவரிக்கே எழுதலாம்.

இப்படிக்கு,
பூங்குழலியின் அப்பா
கன்னையன்